முன்பின் முகர்ந்திராத பூ

ராஜாம்பாள் மூடியைத் தூக்கி முகத்தை அண்டாவுக்குள் விட்டாள். ஆவி கண்ணில் அடித்தது. கன்னம் நனைந்தது. அவ்வளவுதான். கரண்டியால் அடிவரை கிளறி, ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கினாள். மாவாக வெந்திருந்தது. நிறமும் சரியாக இருந்தது. நுரை கொஞ்சம் அதிகம், ஆனால் கொண்டைக்கடலை நுரைக்கத்தான் செய்யும். மூடியைப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

முட்டை அட்டைகளோடு ஆண்டாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"யக்கா, இன்னாக்கா இது? எலி செத்த மாதிரி நாறுது."

"எது?"

"எதுவா? சுண்டல்தான். ரோட்டு வரைக்கும் வருது."

ராஜாம்பாள் துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும். அதான் எறக்கிக் கொட்டலாம்னு இருக்கேன்."

"கொட்டறதுக்கா தேங்கா துருவிக்கினு இருக்குற?"

ராஜாம்பாள் தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். இருவரும் சேர்ந்து அண்டாவைப் பள்ளிக்குப் பின்னால் தூக்கிப்போய்க் கொட்டினார்கள். முந்தின நாள் மாலை ஊறவைத்த கடலை. தண்ணீர் மாற்றாமல் மூடிக் கிடந்ததில் கெட்டுவிட்டிருந்தது. கொட்டிய இடத்துக்கு ஒரு நாய் வந்தது, மூக்கை நீட்டிவிட்டு விலகிப் போனது. நாய்க்குத் தெரிகிறது என்று ராஜாம்பாள் நினைத்தாள். அன்று பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் மட்டும்தான். பெரிய டீச்சர் கேட்டபோது, கடலை பழசு டீச்சர் என்று ஆண்டாளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு ராஜாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

வடக்கனந்தலை ஒட்டிய ஓர் ஊரில், பள்ளிச் சத்துணவுக்கூடத்தின் சமையலர் ராஜாம்பாள். ஆண்டாள் அவளுக்கு உதவியாள். ராஜாம்பாளின் புருஷன் பாவாடை குத்தகை நிலத்தில் வெங்காயமும் மரவள்ளியும் போடுகிறவன். மழை ஏய்த்த வருஷங்களில் வீடு நின்றது அவள் கரண்டியால். அந்தக் கரண்டிக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது. கல்யாண வீடுகளில், குழம்பு இறக்கும் முன் அவளைக் கூப்பிட்டு மேலே குனியச் சொல்வார்கள். குனிந்து நிமிர்ந்து, மல்லி இன்னும் பச்சையாக இருக்கிறது, ஒரு கொதி விடு என்பாள். சமையல்காரர்கள் முறைப்பார்கள். ஆனால் ஒரு கொதி விடுவார்கள்.

அந்த மூக்கு கார்த்திகை மழையில் போயிற்று. ஒரு காய்ச்சல் வந்தது, வீட்டுக்கு வீடு வந்ததுதான். காய்ச்சல் இறங்கி, சளி வற்றி, உடம்பு தேறி எழுந்தபோது உலகத்தில் வாசனை இல்லை. முதலில் அது அவளுக்குப் புரியவில்லை. சோப்பு மட்டமான சோப்பு என்று நினைத்தாள். காப்பித்தூள் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தாள். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பில் கருகி, அவள் அதன் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, தெருவிலிருந்து பாவாடை ஓடி வந்து அடுப்பை அணைத்தான். "எங்க பாத்துக்கினு இருக்குற?" என்று கேட்டான். யோசனையா இருந்துட்டேன் என்றாள். அன்றுதான் அவளுக்கு விளங்கியது.

உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் ஈர மாவு. பழக்கத்தில் கை அளவு போட்டது. அளவு தவறவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கடலை விஷயத்துக்குப் பிறகு ஒவ்வொன்றையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் இறக்கினாள். ஆனால் கெட்டுப்போகிற எல்லாமே புளித்துக் கெடுவதில்லை. இது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வளையல் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் சின்ன விளக்கால் மூக்குக்குள் பார்த்தார்.

"அடைப்பு ஒண்ணும் இல்லம்மா. நரம்புதான். சில பேருக்குத் தானா திரும்பும்."

"சில பேருக்கு?"

"திரும்பாது. நாலஞ்சு வாசனப் பொருள எடுத்து வெச்சிக்கங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மோந்து பாருங்க. மூளைக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்."

கிராம்பு, காப்பித்தூள், கற்பூரம், காய்ந்த எலுமிச்சைத் தோல். நான்கையும் நான்கு டப்பாவில் போட்டு அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்தாள். பாவாடை கொல்லைக்குப் போன பிறகு எடுத்து முகர்வாள். கொஞ்ச நாளில் கிராம்பு மணந்தது. தெளிவாக, காரமாக, மூக்கின் மேல்புறத்தில் ஏறியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களைக் கலைத்துப்போட்டு, கைக்கு வந்ததை எடுத்து முகர்ந்தாள். கிராம்பு. கண்ணைத் திறந்தால் கையில் இருந்தது கற்பூரம்.

மணந்தது கிராம்பு இல்லை, கிராம்பின் நினைப்பு. இத்தனை வருஷம் முகர்ந்ததெல்லாம் உள்ளே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, கேட்டதும் எடுத்து நீட்டுகிறது. எதை முகர்ந்தாலும் இனி அவளால் நம்ப முடியாது. அவளுக்கு வேண்டியது இதுவரை முகர்ந்தே இராத ஒன்று. நினைப்புக்கு எட்டாத ஒன்று.

அவளுடைய தம்பி மாயவன் கரியாலூரில் இருந்தான். மலைமேல் பெங்களூர்க்காரர் ஒருவர் கட்டிய விடுதியில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. தை கடைசியில் அவனைப் பார்க்கப் போனபோது, கொட்டகையில் மணல் தட்டில் காய்ந்துகொண்டிருந்த கிழங்குகளை அவள் கண்டாள். சின்ன வெங்காயத்தைத் தட்டையாக்கி, மேலே சணல் நார் சுற்றியது போல இருந்தன.

"இது இன்னா மாயவா?"

"கிளாடியோலஸ்க்கா. பூச்செண்டுல நீட்டா வெப்பாங்களே, கத்தி மாதிரி எல. அதுக்கு வாசன கெடயாது, வெறும் ஷோதான். ஆனா இது வேற சாதி. வெள்ளப் பூ, நடுவுல கருஞ்செவப்பு. சாயங்காலம் ஆச்சுன்னா வருது பாரு வாசன, அது எப்படின்னா..."

"சொல்லாத."

"இன்னாது?"

"எப்படி வரும்னு சொல்லாத. எனக்கு ஒரு பத்து கெழங்கு குடு."

மாயவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "கீழ வெயில்ல தாங்காதுக்கா."

"நெழல்ல வெக்கிறேன்."

அள்ளிக் கொடுத்தான். அவள் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மாசி பிறந்ததும் நட்டாள். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி, வாழையின் கிழக்கு நிழலில். காலை வெயில் மட்டும் படும் இடம். மண்ணைக் கொத்தி ஆட்டெருவும் ஆற்று மணலும் கலந்தாள். கூர்நுனி மேலே பார்க்க, மூன்று விரல் ஆழத்தில் ஒவ்வொன்றாய் வைத்தாள். பாவாடை வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"வெங்காயமா?"

"பூ."

"கோத்துக் கட்டலாமா?"

"கட்ட முடியாது."

"சாமிக்குப் போடலாமா?"

"தெரியல."

"கட்டவும் முடியாது, போடவும் தெரியாது. அப்புறம் இன்னாத்துக்கு அது? ஆடு திங்கவா?"

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கு மூக்கு செத்துவிட்டது, இது உயிர்க்குமா என்று பார்க்கிறேன் என்று. ஆனால் பாவாடை ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். டீக்கடைக்குப் போனால் வாயில் இருப்பதெல்லாம் பெஞ்சில் கிடக்கும். அங்கிருந்து ஆண்டாள் வீட்டுக்கு நாலு எட்டு. சமையலர் இடம் காலியானால் அதற்கு அடுத்து நிற்பவள் ஆண்டாள். உதவியாளாகவே வயசைக் கழித்துவிட்டவள்.

"கெழங்கு பெருவும்," என்றாள் ராஜாம்பாள். "ஒண்ணு நாலாவும். கரியாலூர் லாட்ஜுல வாங்கிக்குவாங்களாம். மாயவன் சொன்னான்."

மாயவன் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பாவாடையின் முகம் மாறியது. கிழங்கு என்றால் அவனுக்குப் புரியும். குனிந்து ஒன்றை எடுத்து எடை பார்ப்பதுபோல் கையில் உருட்டினான். "அப்படிச் சொல்லு," என்றான்.

அந்த வருஷம் வெங்காயம் கால்வாரிவிட்டது. மற்றவர்களைப் போல் அவனும் வயலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். அதனாலோ என்னவோ, கொல்லையில் அந்தச் சின்னப் பாத்தியின் மேல் அவனுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. முளை வந்ததும் களை பறித்தான். இலை முழ உயரம் போனதும் மண் அணைத்தான். காற்றில் சாயாமல் இருக்க மரவள்ளிக் குச்சிகளை நட்டுக் கட்டினான். குச்சிகள் துளிர்த்து அவையும் இலை விட்டன. எது செடி, எது முட்டு என்று தெரியாமல் ராஜாம்பாள் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"உங்கம்மா வூட்டுச் சீரு வளந்துகினு இருக்குது பாரு," என்பான் அவளிடம்.

பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. அரிசி களைந்த நீர், குளித்த நீர் எல்லாவற்றையும் அங்கேயே ஊற்றினாள். பள்ளியில் ஆண்டாள் இப்போது எதைத் திறந்தாலும் சத்தமாக மூக்கை உறிஞ்சினாள். பருப்பு மூட்டையைப் பிரித்தால் உறிஞ்சல். எண்ணெய் டின்னைத் திறந்தால் உறிஞ்சல். பெரிய டீச்சர் இருக்கும்போது இன்னும் ஒரு தடவை.

"உனக்கு இன்னாடி சளியா?" என்றாள் ராஜாம்பாள்.

"எனக்கு இல்லக்கா. மூக்கு இருக்கறப்பவே யூஸ் பண்ணிக்கணும் இல்ல." ஆண்டாள் முட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். "உனக்கு வயசாயிடுச்சுக்கா. பேரனப் பாத்துக்கினு வூட்ல இருக்கலாம்ல? எனக்கெல்லாம் அந்தக் குடுப்பன இருந்தா கரண்டியத் தொட மாட்டேன்."

"தொடாதடி. யாரு தொடச் சொன்னா?"

ஆண்டாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை என்பதுதான் ராஜாம்பாளை உறுத்தியது.

தேர்வு முடிந்து பள்ளிக்கு லீவு விட்டார்கள். சமையல்கூடத்தின் பூட்டைப் பூட்டும்போது அவள் மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டாள். பள்ளி திறப்பதற்குள் பூ வரும். அந்தப் பூ மணந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மணக்காவிட்டால் அந்த அடுப்பை அவள் தொடக்கூடாது. இதை யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

சித்திரையின் கடைசியில் செடிகள் பொதி கட்டின. நெல்லில் கதிர் வெளிவருமுன் தண்டு பருப்பது போல, இலைகளுக்கு நடுவே அடிப்பக்கம் பருத்தது. தினமும் விரலால் தடவிப் பார்த்தாள். அதே நேரத்தில் திருக்கோவிலூரிலிருந்து மகள் தேவதர்ஷினிக்கு இரண்டாவது பிரசவம் என்று போன் வந்தது. மாமியாருக்கு இடுப்பு வலி, ஒத்தாசைக்கு ஆள் இல்லை. போகாமல் முடியாது.

"தண்ணி மட்டும் உடு," என்றாள் பாவாடையிடம். "வேற ஒண்ணும் செய்யாத."

"எனக்குத் தெரியாதா? நீ போயி பொண்ணப் பாரு."

பெண் குழந்தை. சுகப்பிரசவம். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். ராஜாம்பாள் குழந்தையின் தலையில் மூக்கை வைத்தாள். பால் வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு, அந்த வெதுவெதுப்பான ஒன்று, எல்லாம் வந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு தெரிந்தது, இது மூத்த பேரனின் தலை. நான்கு வருஷத்துக்கு முன் முகர்ந்தது. குழந்தை புதிசு. வந்தது பழைய வாசனை. இந்தக் குழந்தையிடமிருந்து தன் மூக்குக்கு எதுவும் வரவில்லை.

"எப்படி இருக்கா?" என்றாள் மகள் கட்டிலில் இருந்து.

"உன்ன மாதிரியே."

மறுநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மகள் மூக்கைப் பொத்தினாள்.

"யம்மா, கொழந்த ஆய் போயி எவ்ளோ நேரமாச்சு? மூக்குல பஞ்சு வெச்சிகிறியா?"

"பேச்சுல கவனிக்கல."

"நீயா? ஒருத்தன் பீடி குடிச்சிட்டு வந்தா தெருமுனையிலயே கண்டுபுடிப்ப. அப்பாவ எத்தன தடவ மாட்டி வுட்ருக்க."

ராஜாம்பாள் குழந்தையைக் கழுவ எடுத்துப்போனாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது அழுகை வரும்போல் இருந்தது, வரவில்லை. குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து பையை வாசலில் வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள்.

இலைகள் பச்சையாக, திடமாக நின்றன. பாத்தி ஈரமாக இருந்தது. ஒரு களை இல்லை. ஒவ்வொரு செடியிலும் நடுத்தண்டு கணுவோடு ஒடிக்கப்பட்டிருந்தது. ஒடிந்த இடத்தில் கருத்துக் காய்ந்திருந்தது.

பாவாடை பின்னால் வந்து நின்றான். முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தியா? நீ போன மூணாம் நாளு எல்லாம் தண்டு வுட ஆரம்பிச்சிடுச்சு. நல்லவேள நான் இருந்தேன். ஒண்ணு வுடல, அத்தினியும் ஒடிச்சிட்டேன்."

அவள் ஒடிந்த நுனி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெங்காயத்துல தண்டு வந்தா வுடுவமா? சத்தெல்லாம் பூவுக்குப் பூடும். அப்புறம் அடியில இன்னா இருக்கும், தோலுதான். லாட்ஜுக்காரன் கெழங்கத்தான கேக்குறான். இப்பப் பாரு, முஷ்டி மொத்தம் வரும்."

"ஒடிச்சத எங்க போட்ட?"

"ஆட்டுக்குப் போட்டேன். மோந்துட்டு தின்னுச்சு."

ராஜாம்பாள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனைத் திட்ட முடியாது. வெங்காயக்காரன் கிழங்கை வேறு எப்படிப் பார்ப்பான்? கிழங்கு என்று சொன்னவள் அவள்தான். பூ என்று ஒரு தடவை சொன்னாள், அவன் முகம் சுளித்ததும் மாற்றிக்கொண்டாள். அவன் செய்தது அத்தனையும் அவள் சொன்ன பொய்க்கு உண்மையாகச் செய்த வேலை.

"இன்னா, சரியாத்தான செஞ்சேன்?" பாவாடையின் குரல் இறங்கியிருந்தது.

"சரிதான்," என்றாள். "பசிக்குது. சோறு இருக்கா?"

இரண்டு நாள் கழித்து, வாழையின் தூருக்குப் பின்னால், மற்றவற்றிலிருந்து தள்ளி ஒரு செடி கண்ணில் பட்டது. நடும்போது கையிலிருந்து உருண்டு விழுந்த கிழங்காக இருக்கும். நிழல் அதிகம், அதனால் வளர்ச்சி பின்தங்கி, இப்போதுதான் பொதி கட்டியிருந்தது. பாவாடை இதைப் பார்க்கவில்லை. ராஜாம்பாள் அதைச் சுற்றி முள் வைத்து அடைத்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"இதுல கை வெச்ச, வூட்ல சோறு கெடயாது."

"ஒண்ணு சின்னதாப் போனாப் போவுது," என்றான் அவன் பெருந்தன்மையாக. "வெதைக்கு வுடுறியா?"

"ஆமா. வெதைக்கு."

மறுபடியும் ஒரு பொய். ஆனால் இது அவனைத் தள்ளி நிற்க வைத்தது.

தண்டு வெளியே வந்தது. பச்சை உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரே பக்கமாகத் திரும்பின. வெயில் ஏறியது. மலைப்பக்கம் மேகம் கூடும், கலையும். அவள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய் அடியில் ஊற்றினாள். திங்கட்கிழமை பள்ளி திறப்பு என்று சேதி வந்தது. வெள்ளிக்கிழமை ஆண்டாளும் அவளும் போய்ச் சமையல்கூடத்தைத் திறந்து கழுவினார்கள். ஆண்டாள் மூலையில் கிடந்த பழைய புளிச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே கொண்டுபோய் வைத்தாள். மூக்கை உறிஞ்சவில்லை. அவள் உறிஞ்சாமல் இருந்தது ராஜாம்பாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அடிமொட்டு விரிந்தது. வெள்ளை இதழ்கள், தலை கொஞ்சம் கவிழ்ந்து, நடுவில் இரத்தம் உறைந்தது போன்ற கருஞ்சிவப்பு. மாயவன் சொன்னபடியே. வெயில் இருக்கும்வரை அவள் பக்கத்தில் போகவில்லை. சாயங்காலம்தான் மணக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

சூரியன் வாழைக்குப் பின்னால் போனதும் எழுந்தாள். மூக்கைச் சிந்தி, முகம் கழுவித் துடைத்துக்கொண்டாள். முள்ளை விலக்கி மண்டியிட்டு, பூவின் வாய்க்குள் மூக்கை வைத்தாள். இதழ் மேலுதட்டில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. மெதுவாக இழுத்தாள்.

காற்று உள்ளே போனது. காற்று மட்டும்.

இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு, மார்பு நிறைய. நினைப்பாவது எதையாவது எடுத்து நீட்டும் என்று பார்த்தாள். அதனிடமும் கொடுக்க எதுவும் இல்லை. அதற்காகத்தானே இந்தப் பூவைத் தேர்ந்தெடுத்தாள்.

பிறகு இன்னொன்று தோன்றியது. இது மணக்காத பூவாகவும் இருக்கலாம். கீழ் வெயிலில் வாசனை செத்திருக்கலாம். மாயவன் தவறான கிழங்கைக் கொடுத்திருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடலாம். நாளைக்கு அடுப்பையும் பற்றவைக்கலாம். அந்த நினைப்பு இதமாக இருந்தது. அந்த இதத்தில் அவள் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"யோவ்," என்று கூப்பிட்டாள். "இங்க வா."

பாவாடை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். துண்டால் துடைத்தபடி வந்தான். "இன்னா, ஒடிச்சதுக்கு இப்பத் திட்டப்போறியா?"

"இதுல வாசன வருதா பாரு."

"இத மோந்து பாக்க வேற செய்யணுமா? அங்க கெணத்தாண்ட நிக்கறப்பவே வந்துச்சே. எவன் வூட்லயோ ஊதுவத்தி கொளுத்திகிறான்னு நெனச்சேன்." குனிந்து முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். "அடேங்கப்பா. இதுவா இப்படி வருது? இத்தப் போயி அத்தினியும் ஆட்டுக்குப் போட்டனே."

ராஜாம்பாள் எழுந்திருக்கவில்லை. "எப்படி இருக்குது?"

"எப்படின்னா? உனக்குத் தெரியலயா?"

"நீ சொல்லு."

அவன் யோசித்தான். பூவைப் பற்றிப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. "இனிப்பா இருக்குது. வெறும் இனிப்பு இல்ல. உள்ள கொஞ்சம் காரம் மாதிரி... கிராம்பு கடிச்சா வருமே. அப்புறம் குளுந்த மாதிரி. சொல்லத் தெரியல போ." சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணும் வரல," என்றாள் அவள். "கார்த்திகையிலருந்து வரல."

பாவாடை எதிரே குந்தினான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குள் சேர்ந்தது. கருகிய பால், வளையல் மாற்றப் போய் வளையல் இல்லாமல் வந்தது, கெட்ட மீனைக் குழம்பு வைத்தது.

"டாக்டரு?"

"பாத்தேன். வந்தா வரும்னாரு."

"அப்ப இந்தக் கெழங்கு?"

"ஒருத்தனும் கேக்கல. நாந்தான் சொன்னேன்."

அவன் கோபப்படுவான் என்று பார்த்தாள். அவன் ஒடித்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

அதை அவன் மறுக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல," என்றான். "யாருக்கும் தெரியாது. ஆண்டாளு இருக்குதில்ல, எதுன்னாலும் அத்த ஒரு தடவ மோந்து பாக்கச் சொல்லு. சும்மா சொல்ற மாதிரி."

"அது ஏற்கெனவே மோந்துகினுதான் இருக்குது."

"இன்னும் கொஞ்ச வருசம். அப்பறம் நீயே வுட்டுட்டு வந்துடலாம். பசங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல இல்ல?"

"ஆவல," என்றாள். "அன்னிக்கு ஆண்டாளு அஞ்சு நிமிசம் லேட்டா வந்திருந்தா ஆயிருக்கும். கெட்ட சுண்டல நான் தேங்கா போட்டுத் தாளிச்சிருப்பேன்."

பாவாடைக்கு அந்த விஷயம் தெரியாது. பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்ப வைத்துக்கொண்டான்.

"வுட்டுட்டா நம்ம கதி?" என்றான்.

"தெரியல."

இருட்டிக்கொண்டு வந்தது. அவன் இரண்டு தடவை மூக்கை அந்தப் பக்கம் திருப்பினான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் திருப்பிக்கொண்டான்.

"மோந்துக்க," என்றாள் ராஜாம்பாள். "ஒண்ணுதான மிச்சம்."

மறுநாள் திங்கட்கிழமை. ராஜாம்பாள் வழக்கமான நேரத்துக்குப் பள்ளிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள். ஆண்டாளையும் கூட வரச் சொன்னாள். தனக்கு வாசனை தெரியவில்லை, கார்த்திகையிலிருந்து தெரியவில்லை, தையில் கொட்டிய கடலை பழைய கடலை இல்லை என்று சொன்னாள். பெரிய டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆண்டாள் தனக்குப் பொங்கலிலிருந்தே தெரியும் என்றாள். மேலே கேட்டுச் சொல்லும்வரை ஆண்டாள் சமைக்கட்டும், ராஜாம்பாள் உதவியாக இருக்கட்டும் என்று பெரிய டீச்சர் சொன்னார். ராஜாம்பாள் பூசணிக்காய் நறுக்கினாள். பருப்பு வேக எவ்வளவு தண்ணீர் என்று ஆண்டாள் ஒரு தடவை கேட்டாள், சொன்னாள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மியாக இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை சோறு வேண்டாம் என்று அழுதது. இருவரும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். சாவியை ஆண்டாள் எடுத்துக்கொண்டாள். ராஜாம்பாள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பாவாடை வயலுக்குப் போயிருந்தான். அவள் உலை வைத்தாள்.